கருப்பி கூப்பிட்ட சத்தம்

1. சோறு கேட்கிற குதிரை

தேவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"இது வேணாம்ணே. இந்தக் குதிரைய ஊரே கேட்டுருச்சு. சோப்பு விளம்பரத்துலகூட இதேதான் கத்துது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து உட்கார்ந்து, சவுண்ட் லைப்ரரியில் இருந்த கனைப்புகளையெல்லாம் பொறுக்கிப் படத்துக்குப் பொருத்தி வைத்தவன் நான். இவன் ஒரே வார்த்தையில் ஊதித் தள்ளுகிறான். ஆனால் அவன் சொன்னது சரிதான். அதனாலேயே கோபம் இன்னும் கூடியது.

சிரம்பான் பக்கம் ராசாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மாடியில் எங்கள் ஸ்டூடியோ. கீழே மீன் பொரித்தால் மேலே ரெக்கார்டிங்கை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய்ச் சத்தம் மைக்கில் ஏறிவிடும். ரேடியோ, டிவி என்று பல இடத்தில் சவுண்ட் வேலை பார்த்து, தலை நரைத்த பிறகு இங்கே வந்து சேர்ந்தேன். டைரக்டர் தேவன் என்னைவிட ரொம்ப இளையவன். கெட்டிக்காரன், பிடிவாதக்காரன்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது பிள்ளைகளுக்கான ஒரு அனிமேஷன் படம். மல்லி என்ற தோட்டத்துப் பெண், யாருக்கும் அடங்காத ஒரு காட்டுக் குதிரையோடு சிநேகமாகிறாள். இருவரும் ஆற்றைத் தாண்டி, மலையைத் தாண்டிப் போகிற சாகசக் கதை. அதில் ஒரு இடம். மல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. குதிரை காட்டோரத்தில் வந்து நின்று அவளைத் தேடிக் கூப்பிடுகிறது. வசனம் இல்லை, மியூசிக் இல்லை. ஒரு கனைப்பு மட்டும்தான். அது பொய்யாகக் கேட்டால் படம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

"நெஜக் குதிரைய போய் பிடிங்கண்ணே" என்றான் தேவன்.

புக்கிட் பெலண்டோக் பக்கம், பழைய செம்பனை மரத் தோட்டத்துக்கு உள்ளே, ஒரு குதிரை சவாரி இடம் இருந்தது. சனி ஞாயிறில் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் குளிக்க வருகிற குடும்பங்கள் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிப் படம் எடுத்துக்கொண்டு போகும். மைக், அதைத் தூக்கிப் பிடிக்கிற பூம் கம்பு, ரெக்கார்டரையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். தீனி வைக்கிற நேரத்தில் அங்கிருந்த மட்டக் குதிரைகள் எல்லாம் கனைத்தன. சந்தோஷமாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

தேவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"அண்ணே, இது சோறு கேக்குற சத்தம்ணே."

போடா நீயும் உன் காதும் என்று சொல்லிவிட்டுக் கீழே கோப்பி குடிக்கப் போனேன். பாதிக் கோப்பியில் திரும்பி வந்து இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். ஆமாம், அது சோறுதான் கேட்டது.

2. முதுகைக் காட்டி உட்கார்ந்தவள்

மறுபடியும் போனபோதுதான் கருப்பியைப் பார்த்தேன். மற்ற குதிரைகளிலிருந்து தள்ளி, கடைசிக் கொட்டகையில் தனியாகக் கட்டியிருந்தார்கள். வயதான பெட்டைக் குதிரை. சவாரி இடத்தில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தார்கள். கருப்பி என்று கூப்பிட்டவள் செல்வி.

குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செல்விக்கு. இருபது வயதைத் தாண்டிய பெண், பின்பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான் வீடு. அவள் அப்பா செம்பனைக்குள் மாடு வளர்த்தவர். சர்க்கரை வியாதியில் ஒரு கால் போய், வீட்டோடு இருந்தார். மாட்டையும் அப்பாவையும் குதிரைகளையும் அவள் ஒருத்தியே பார்த்தாள்.

கருப்பி எங்கிருந்தோ அடிபட்டு வந்த குதிரையாம். வந்த புதிதில் கடிக்கும், உதைக்கும். கிட்டே போனவர்களையெல்லாம் ஓட விட்டிருக்கிறது. முதலாளியே கைவிட்டுவிட்டார்.

"நீ என்னம்மா பண்ணே?" என்று கேட்டேன்.

"ஒன்னும் பண்ணல அங்கிள். தண்ணி பால்டிய கவுத்துப் போட்டு, அவளுக்கு முதுகக் காட்டி உக்காந்து சாப்பிடுவேன். தினமும் அங்கதான் சாப்பாடு. அவள திரும்பியே பாக்க மாட்டேன். ஒருநாள் அவளே வந்து என் தோள்ல மூக்க வச்சா. பயத்துல சோத்தக் கீழ போட்டுட்டேன். அதையும் அவளே தின்னுட்டா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதற்கப்புறம் மாட்டுக்குத் திரிக்கிற மாதிரி அப்பாவிடம் கேட்டு ஒரு தலைக்கயிறு திரித்துப் போட்டாளாம். கருப்பி வேறு எந்தக் கயிற்றுக்கும் தலை கொடுத்ததில்லை.

நான் கருப்பியின் மூச்சைப் பிடித்தேன், புல் மெல்லுகிற சத்தம், செம்மண்ணில் குளம்பு வைக்கிற சத்தம், வாலால் ஈ ஓட்டுகிற சத்தம் எல்லாம் பிடித்தேன். கனைப்பு மட்டும் வரவில்லை.

"அவ சும்மா கத்த மாட்டா அங்கிள். நான் பக்கத்துலேயே இருக்கேன், எதுக்குக் கூப்பிடணும்?"

"அப்ப நீ கொஞ்சம் தள்ளிப் போயேன்."

போய்த் தீனி ஸ்டோருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கருப்பி காதை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு நிம்மதியாகப் புல்லைத் தின்றது. செல்வி லீவே எடுப்பதில்லை. தீபாவளிக்குக்கூட எண்ணெய் தேய்த்த தலையோடு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போவாளாம்.

தேவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அந்தப் பொண்ண ஒரு ரெண்டு நாளு எங்கயாச்சும் அனுப்பி வைங்கண்ணே. கத்தும்லா" என்றான்.

"வேற ஆளப் பாரு. பிள்ளைய ஒளிச்சு வச்சுட்டுத் தாய அழ வைக்கிற வேலைக்கு நான் மைக் தூக்கல."

போனை வைத்துவிட்டேன்.

3. லோரி வரும் நாள்

அடுத்த மாதம் செல்வியே போனில் கூப்பிட்டாள். சவாரி இடத்தை மூடுகிறார்கள், அங்கே வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. மற்ற குதிரைகள் போய்விட்டன. கருப்பியை மட்டும் யாரும் கேட்கவில்லை. சவாரிக்கு உதவாத கிழக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் ஜொகூரில் ஒருவர் தன் நிலத்தில் சும்மா மேயவிட்டு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"லோரி ஒரு தடவதான் வரும் அங்கிள். அவ ஏறலன்னா திரும்பப் போயிருமாம். அப்புறம் அவளுக்குச் சாவு ஊசிதான்னு முதலாளி சொல்லிட்டாரு."

"நீயும் கூடப் போயேன்மா."

"அங்க என்னையும் வேலைக்குக் கேட்டாங்க. அப்பாவ எங்க விட்டுட்டுப் போறது?"

அப்புறம் அவளே சொன்னாள்.

"நீங்க மைக்க எடுத்துட்டு வாங்க. அவ சத்தம் எதுனாச்சும் எனக்கு வேணும். மூச்சு விடுறதா இருந்தாலும் பரவால்ல."

எழவு வீட்டுக்கு மைக் கொண்டுபோகிற மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் கேட்டது அவள். பாரோயில் இருக்கிற என் வீட்டிலிருந்து காலையில் பசியாறாமலேயே கிளம்பிப் போனேன்.

லோரி எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. வெயில் ஏறினால் மூடிய லோரிக்குள் குதிரை தாங்காது, அதனால் உச்சிவெயிலுக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும் என்று டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். புத்தம்புது நீலத் தலைக்கயிறு ஒன்றைக் கையில் வைத்திருந்தார். நான் வேலிக்குப் பக்கத்தில் நின்று லெவல் பார்த்து ரெக்கார்டரை ஓடவிட்டேன்.

செல்வி கருப்பியைக் குளிப்பாட்டி நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். கூட்டிக்கொண்டு வந்து லோரிக்கு முன்னால் நிறுத்தினாள். அப்புறம் தன் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள்.

அவள் ஏன் அவிழ்த்தாள் என்று எனக்குத் தெரியும். மாடு வளர்க்கிற எங்கள் வீடுகளில், மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் கயிற்றைக் கொண்டுவர வேண்டும். பழைய கயிறு வீட்டிலேயே இருக்கும். என் அப்பாவும் அப்படித்தான் செய்வார். நம் கயிறு கழன்று அவர்கள் கயிறு ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரம், மாடு பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

குதிரை நிற்காது. அது அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

டிரைவர் நீலக் கயிற்றை நீட்டினார். அது காற்றில் படபடத்தது. கருப்பி தலையைச் சிலுப்பிக்கொண்டு பின்வாங்கி, லோரிக்காகத் திறந்து வைத்திருந்த கேட் வழியாகப் பாய்ந்து செம்பனைக்குள் மறைந்துவிட்டது.

"என்ன வேலைமா பார்த்தே!" முதலாளி தலையில் கை வைத்தார். "இது என்ன மாடா? கயித்த அவுத்துட்டுக் கையக் கட்டிட்டு நிக்கிறே!"

கழற்றிய கயிறு செல்வியின் கையிலேயே இருந்தது.

4. திரும்பிப் பார்க்காமல்

தோட்டத்துக்கு அந்தப் பக்கம் மெயின் ரோடு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் பறக்கிற ரோடு. ஆட்கள் கத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். ஒருத்தர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சத்தம் கூடக் கூட, குளம்புச் சத்தம் இன்னும் தள்ளிப் போவது என் ஹெட்போனில் கேட்டது. அதைச் செல்வியிடம் சொன்னேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க பாஸ். யாரும் கூப்பிட வேணாம்."

முதலாளிக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆட்கள் வந்தார்கள், மோட்டார் ஆஃப் ஆனது. செல்வி ஒரு பால்டியை எடுத்துவந்து கேட்டுக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டு, மரங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சாப்பாடு இல்லை. கயிற்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ கூப்பிட்டா வந்துரும்லமா?" என்றார் டிரைவர்.

"வந்துருவா. லோரில ஏத்துறதுக்கு என்னால கூப்பிட முடியாதுண்ணே. அவளா வரட்டும்."

பூமைத் தூக்கிப் பிடித்தபடி நான் அசையாமல் நின்றேன். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. டிரைவர் வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

முதலில் உள்ளே எங்கேயோ, சின்னதாக, கேள்வி கேட்கிற மாதிரி. பிறகு நீளமாக. மேலே ஏறி, நடுவில் உடைந்து, கடைசியில் வெறும் மூச்சாகப் போய் முடிந்தது. இத்தனை வருஷம் இந்தக் காதை வைத்துத்தான் பிழைத்திருக்கிறேன். ஒரு உயிர் இன்னொரு உயிரைத் தேடுகிற சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. செல்வியின் தோள்கள் குலுங்கின. அவள் திரும்பவில்லை.

மறுபடியும் கருப்பி கூப்பிட்டது.

செல்வியால் அதற்குமேல் முடியவில்லை. திரும்பாமலேயே சொன்னாள்.

"இங்கதான்டி இருக்கேன்."

காய்ந்த மட்டைகள் நொறுங்கின. கருப்பி மரங்களுக்கு நடுவிலிருந்து வந்து, அவள் தோளில் மூக்கை வைத்தது. செல்வி எழுந்து, டிரைவரிடமிருந்து நீலக் கயிற்றை வாங்கித் தன் கையாலேயே மாட்டினாள். அதன் காதுக்குப் பக்கத்தில் ஏதோ சொன்னாள். அவளுக்குப் பின்னாலேயே கருப்பி சாய்த்து வைத்திருந்த பலகையில் ஏறி லோரிக்குள் போனது. அவள் மட்டும் இறங்கி வந்தாள்.

அவள் காதோரம் சொன்னதை என் மைக் பிடித்துவிட்டது. அதை வெட்டி எடுத்து அவளிடம் மட்டும் கொடுத்தேன். இங்கேயும் எழுத மாட்டேன்.

லோரி போன பிறகு நான் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

5. ஹாலில்

தேவனிடம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

"எங்கண்ணே பிடிச்சீங்க?"

சொன்னேன். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தான். அதன் பிறகு அந்தச் சத்தத்தைப் படத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வைப்போம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஆனால் மிக்ஸிங்கில் சண்டை வந்துவிட்டது. கனைப்புக்கும் மல்லி பதில் சொல்வதற்கும் நடுவில் நான் விட்டிருந்த மௌனம் நீளமாக இருக்கிறதாம்.

"பிள்ளைங்க போர் அடிச்சு போன நோண்ட ஆரம்பிச்சிருவாங்கண்ணே. பாதியா வெட்டுங்க."

"வெட்டினா என் பேரையும் சேர்த்து வெட்டிரு."

முறைத்தான், முறைத்தேன். கடைசியில் விட்டுக் கொடுத்தான்.

சிரம்பானில் ஒரு ஹாலை எடுத்து முதல் காட்சி போட்டோம். செல்வியைக் கூப்பிட்டிருந்தேன். அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். சத்தம் வருகிற இடத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

வெள்ளம் வந்தது. மல்லி காணாமல் போனாள். திரையில் குதிரை காட்டோரம் வந்து நின்றது. கருப்பி கூப்பிட்டது.

ஹால் அமைதியாக இருந்தது. மல்லி இன்னும் வாய் திறக்கவில்லை. அப்போது இருட்டில் ஓரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இங்கதான்டி இருக்கேன்."

முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. செல்வி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். தான் எழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவள் அப்பா கையைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் திரையில் மல்லி பதில் சொன்னாள்.

தேவன் என் பக்கத்தில் இருந்தான். இருட்டில் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் மைக்கைப் பற்றிக் கேட்கிறார்கள், மெஷினைப் பற்றிக் கேட்கிறார்கள். அதெல்லாம் கடையில் கிடைக்கும்லா. நான் சொல்வது இது ஒன்றுதான். யாரையாவது கூப்பிடுகிற சத்தம் எடிட்டிங் டைம்லைனில் வந்தால், அதற்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். பதில் சொல்ல வேண்டியவர் ஹாலில் உட்கார்ந்திருப்பார்.