அரைப் பேர்

ஐம்பதுகளின் கடைசியில், இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. என் கணவர் அங்கே கணக்கப்பிள்ளை. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று ஆட்களுக்குப் பேர் போடுவது அவர் வேலை. நேரத்தோடு வந்தால் முழுப் பேர், பிந்தி வந்தால் அரைப் பேர், சம்பளமும் அதன்படிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சின்ன வேதக் கோயிலில் அதே வேலையை நான் பார்த்தேன் என்று சொன்னால் தப்பில்லை. யார் பிந்தி வந்தார்கள், யார் தலை வாராமல் வந்தார்கள், யார் பாட்டைக் கெடுத்தார்கள் என்று எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆராதனை என்றால் எல்லாம் பளிச்சென்று, ஒரு பிசிறில்லாமல் இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஐயர், அதாவது எங்கள் போதகர், ஹட்டனிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். அன்றைக்குத்தான் அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் திருவிருந்து. அந்த மாதம் பீடத்துக்கு நானே பூ வேலை செய்த வெள்ளை விரிப்பைப் போட்டிருந்தேன். ஐயர் அதைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லமாட்டாரா என்ற எண்ணத்தில், ஜெபத்தில்கூட எனக்கு மனம் நிற்கவில்லை.

வெளியே நல்ல மழை. பாதி ஆராதனையில் வந்தாள் எங்கள் தோட்டத்துக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி. தலை முதல் முழங்கால் வரை ஈரக் கம்பளி. அது சொட்டச் சொட்டத் தரையெல்லாம் தண்ணீர். போன கிறிஸ்மஸுக்கு நான் கொடுத்த நீலக்கரை வெள்ளைச் சேலையைக் கோயிலுக்கென்றே வைத்திருப்பவள், அன்றைக்கு இந்தக் கோலத்தில் வந்தாள். எழுந்து வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிந்திருச்சுங்கம்மா. அரைப் பேராவது போடுங்க."

கணக்கப்பிள்ளை பெண்டாட்டியைக் கிண்டல் செய்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது.

"கம்பளியக் கழட்டி வெளிய போட்டுட்டு வா" என்றேன்.

அவள் முகம் மாறியது. கம்பளியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்கம்மா. இப்படியே ஒரு ஓரமா இருந்துக்கிறேங்க."

"இந்த நாத்தத்தோட பீடத்துக்கிட்ட முட்டி போடுவியா? போ, வெளிய நில்லு."

அவள் போய்த் தகரக் கூரையின் இறவாரத்தில் நின்றாள். நான் திரும்பி வந்து முன்னைவிடச் சத்தமாகப் பாடினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எல்லாரும் திருவிருந்து வாங்கி முடித்ததும் ஐயர் நிமிர்ந்து, "இன்னும் யாராவது உண்டா?" என்று கேட்டார்.

வழக்கப்படி நான்தான் பதில் சொல்லவேண்டும். "இல்லைங்க ஐயா" என்றேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஆராதனை முடிந்து பார்த்தபோது இறவாரத்தில் அவளைக் காணவில்லை. தொலைந்தது சனி என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஐயர், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் போய்ச் சுகமில்லாதவர்களைப் பார்க்கவேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை, அதைக் காம்பரா என்போம். நான் வெளியே நிறுத்தியவளின் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராவில் குழந்தை அழுகிற சத்தம். அவர்கள் இந்துக்கள். எட்டிப் பார்த்தோம். பச்சை உடம்புக்காரி ஒருத்தி படுத்திருந்தாள். பக்கத்தில் பிள்ளை, வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. அந்தத் துணியில் நீலக்கரை. மறுபாதித் துணி தாயின் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தது.

"புள்ள திடீர்னு வந்துருச்சுங்க. ஆஸ்பத்திரி லொறியும் வரல" என்றாள் அவள். "பக்கத்து வீட்டு அக்காதாங்க எல்லாம் பாத்துச்சு. எங்கிட்ட ஒரு நல்ல துணி இல்லங்க. அது கோயில் சீலையையே கிழிச்சிருச்சு. உடுத்தியிருந்ததெல்லாம் ஒரே ரத்தம். ஐயர் வந்துட்டுப் போயிருவாரேன்னு அது மேலேயே கம்பளியச் சுத்திக்கிட்டு ஓடுச்சு."

ஐயர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க இன்னைக்குக் கோயிலுக்கு வந்தாங்களா?"

பொய் சொல்ல ஒரு வழி இருக்கத்தான் செய்தது. அதைத் தேடவும் செய்தேன் என்பதை மறைக்கமாட்டேன். ஆனால் அந்தக் கிழிந்த சேலையைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை. "வந்தாங்க ஐயா. நான்தான் வெளிய நிறுத்தினேன்."

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் விழும் பீலிக்கரையில் அவள் ரத்தத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்ததோ, "ஏன் சொல்லல?" என்ற அதிகாரம்தான்.

"எல்லாரும் இருக்கிற எடத்துல இதை எப்படிங்கம்மா சொல்றது?" துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "ஐயர் கேட்டதும் காதுல விழுந்துச்சு, நீங்க இல்லைன்னதும் விழுந்துச்சு. சரி, இன்னைக்கு நமக்குப் பேர் இல்லன்னு வந்துட்டேன்."

அதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். நான் அழுதேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, ஐயருக்கு பஸ் போயிரும்" என்றாள்.

அவளுடைய காம்பராவில், புகை படிந்த சுவரோரம் ஒரு பலகைப் பெட்டியின் மேல் ஐயர் அப்பத்தையும் ரசத்தையும் வைத்தார். விரிப்பு இல்லை. அவள் அதே கம்பளியோடு முழங்கால் போட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதது. நான் வாசலில் நின்றேன். என்னை யாரும் தடுக்கவில்லை, உள்ளே போகத்தான் கால் வரவில்லை.

இன்றும் திருவிருந்தில் போதகர் இன்னும் யாராவது உண்டா என்று கேட்டால், என் தலை தானாக வாசல் பக்கம் திரும்புகிறது. அன்று காலையிலேயே அந்த லயத்துக் காம்பராவில் தன் ஆராதனையை முடித்துவிட்டு வந்தவளை வெளியே நிறுத்திவிட்டுப் பாடிய எனக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பேராவது விழுந்திருக்குமா என்று இன்னும் தெரியவில்லை.