எண்ணெய்ப் பெஞ்சில் பதினான்கு நிமிடம்

2023 பிப்ரவரி 10, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். அரை மணி நேரம் நடை, ஆறேகாலுக்குக் காபி, ஏழுக்குச் செடிகளுக்குத் தண்ணீர். அலுவலகத்துக்கு விடுப்பு. காரணம், தேக்குப் பெஞ்சுக்குக் கடைசிப் பூச்சு.

மனைவியின் அண்ணன் துடியலூரில் புது வீடு கட்டியிருக்கிறார். ஞாயிறு காலை கிரகப்பிரவேசம். அதற்கு என் கையால் செய்த பெஞ்சு ஒன்று தருவதாகப் போன தீபாவளிக்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளை செஞ்சு முடிக்கறதுக்குள்ள எங்கூட்டுக்கு மறுபடி வெள்ளையடிக்கோணும்" என்று அவர் சிரித்தார். அதை மறக்காமல் ஏழு வாரம் அறுத்தேன், இழைத்தேன், தேய்த்தேன்.

ஆளிவிதை எண்ணெயில் அவசரம் கூடாது. துணியால் தாராளமாகப் பூசி, மரம் குடிக்க இருபது நிமிடம் விட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். துடைக்கத் தவறினால் பிசுபிசுப்பு ஏறிவிடும். சுரண்டி முதலிலிருந்து பூச வேண்டியதுதான். மூன்று நாளாக வீட்டில் ஒருவரையும் முன் வராந்தாப் பக்கம் விடவில்லை.

மாலை 4.05க்குப் பூசி முடித்தேன். 4.25க்குத் துடைக்க வேண்டும். 4.11க்கு வாசலில் கார் நின்றது. அவிநாசியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போகும் வழியில், மச்சான் பட்டுக்கரை போட்ட புது வெள்ளை வேட்டியோடு இறங்கினார்.

"வாங்க மச்சான், உக்காருங்க" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவரும் வராந்தா ஏறி, எண்ணெய் காயாத பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். உட்காரச் சொன்ன வாயாலேயே எழுந்திருங்கள் என்பது எங்கள் பக்கத்தில் சண்டைக்கு அச்சாரம்.

"உள்ள வந்து காபி குடிக்கலாமுங்க மச்சான்."

"இங்கயே குடுக்கச் சொல்லுங், மாப்பிள்ளை. காத்தோட்டமா இருக்குது." சற்றுப் பொறுத்து, "பெஞ்சு நல்லா ஜில்லுன்னு இருக்குதுங்" என்றார்.

"தேக்குங்களே" என்றேன்.

4.18. புது வீட்டு மாடியைப் பற்றிக் கேட்டேன். 4.22. ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி அவர் சொன்னார். இருவரும் அசையவில்லை. 4.25க்கு மனைவி காபியோடு வந்தாள். பார்த்தாள்.

"எந்திரிண்ணா. எண்ணெய் மேல உக்காந்திருக்கற."

உடனே எழுந்தார். வேட்டி எழ மனமில்லாமல் பின்னால் வந்தது.

"எங்களையெல்லாம் மூணு நாளா இந்தப் பக்கமே உடல. இப்ப நீங்களே உக்காரச் சொல்லிப்போட்டீங்களாக்கும்" என்றாள் என்னிடம்.

"உக்காந்தப்பவே தெரிஞ்சுதுங் மாப்பிள்ளை" என்றார் மச்சான். "நீங்க உக்காருன்னு சொன்னதுக்கப்பறம் எப்படீங் எந்திரிக்கறது? ஜில்லுன்னு இருக்குதுன்னும் சொல்லிப் பாத்தனுங்."

என் வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு, காபியை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். பெஞ்சில் நெசவின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்ததால் தப்பித்தேன். அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, மொத்தப் பலகையையும் ஒட்டத் துடைத்தபோது தடம் போய்விட்டது. வேட்டியில் போகவில்லை.

சனிக்கிழமை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பால்காரர் வருவார், அவரிடமும் "உக்காருங்க" என்று சொல்லிவிடுவேன். அதனால் பல்கூடத் துலக்காமல், முதல் வேலையாகப் பெஞ்சைத் தூக்கிச் சுவரோரம் நெட்டுக்குத்தாக நிறுத்தினேன்.