காது அடைத்ததைச் சொல்வதா, மறைப்பதா?

நான் விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. அண்ணன் கடலில் சங்கு குளிப்பவர். சென்ற விடுமுறையின் கடைசி நாள் அவருடைய படகில் போனேன்.

“ஏலே, வானத்துல பறக்குதவனுக்கு அஞ்சு பாகம், முப்பதடி தண்ணி பயமாக்கும்?” என்று அவர் சிரித்தார். ரோஷத்தில், படகிலிருந்து காற்று அனுப்பும் கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு நானும் முங்கினேன். ஒரு சங்குகூட அகப்படவில்லை.

மறுநாள் காலை பணியில் சேர்ந்தபோது இடது காது அடைத்து, தலை லேசாகச் சுற்றியது. முற்பகலில் பறக்க வேண்டும். மருத்துவரிடம் சொன்னால் தடை போடுவார். தடை நீண்டால் பறப்பதற்கான படி நின்றுவிடும். அதை நம்பித்தான் வீட்டுக் கடன் வாங்கியிருந்தேன். சொல்லாவிட்டால், கூட வருபவர்களின் உயிர்? ஒன்றும் பிடிபடாமல் மருத்துவர் அறை வாசல்வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். கடைசியில் மனைவிக்குப் போன் செய்தேன்.

“கடன பெறவு பாத்துக்கிடலாம். மொதல்ல உள்ள போங்க” என்றாள்.

முங்கிய மறுநாளே பறக்கக் கூடாதென்று படித்ததில்லையா என்று மருத்துவர் கடிந்துகொண்டார். படித்திருக்கிறேன். ஆனால் அது முதுகில் காற்று சிலிண்டர் கட்டி முங்குபவர்களுக்கான விதி, பரம்பரையாக முங்கும் எங்கள் வீட்டுக்கு இல்லை என்று எப்படி நினைத்தேனோ, இன்றும் விளங்கவில்லை.

காது மூன்று வாரத்தில் ஆறியது. நல்லவேளை, படியும் நிற்கவில்லை.

இப்போது அந்தப் படியைச் சேர்க்காமலே மாதச் செலவைத் திட்டமிடுகிறேன். படகில் ஏறினால் முங்காமல் கம்ப்ரசர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

“என்னலே, பயமா?” என்று அண்ணன் கேட்டால், “ஆமாண்ணே” என்று சொல்ல வெட்கமாக இல்லை.