கொலு கலையாமல் கொடுத்த முட்டு

தாரணி பழைய கட்டடங்களைப் பரிசோதிக்கும் பொறியாளர். சிங்கப்பூரின் மார்சிலிங்கில் வளர்ந்தவள், இன்றும் அங்கேதான் வீடு. சுவருக்குள் என்ன இருக்கிறது, உத்தரம் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்பதை, எதையும் உடைக்காமலும் உள்ளே இருக்கும் பொருள்களை நகர்த்தாமலும் கண்டுசொல்ல வேண்டும். தொட்டால் உதிரும் ஓவியங்களுக்கும் பழைய வண்ணக் கண்ணாடிகளுக்கும் நடுவில் வேலை செய்து அவளுக்குத் தனி நடையே வந்துவிட்டது. வளையல் போட மாட்டாள். முதுகுப்பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டுதான் எந்த வாசலையும் தாண்டுவாள்.

"புதுக் கட்டடம் போரிங் லா. எல்லாம் டிராயிங்லயே இருக்கும்," என்பாள், ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களிடம்.

நவராத்திரியின் முதல் நாள் காலை லிட்டில் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. மாற்றிக் கட்ட அனுமதி இல்லாத பழைய கடைவீடு. கீழே யாக்கூபின் துணிக்கடை, மாடியில் ஒரு பெண்கள் மன்றத்தின் கூடம். கடையின் உட்கூரையிலிருந்து கையகலக் காரை பெயர்ந்து புடவை அடுக்கின் மேல் விழுந்திருந்தது.

"யாருக்கும் அடி படல," என்றார் யாக்கூப். "ஆனா மேல சாமி பொம்மை வச்சிருக்காங்கமா. அதுல ஒண்ணு விழுந்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

மாடிக் கதவில் மன்றத் தலைவி தங்கம் நின்றிருந்தார். ஓய்வு பெற்ற தாதி. அவருக்குப் பின்னால் ஒன்பது படிக் கொலு, முந்தின நாளே அடுக்கி முடித்தது. எல்லாம் மண் பொம்மைகள். சிலவற்றின் மூக்கு நுனியில் மட்டும் வண்ணம் போயிருந்தது.

"அடுக்கின கொலுவை விஜயதசமிக்கு முன்னாடி கலைக்க மாட்டோம்மா."

"ஒண்ணையும் தொட மாட்டேன் ஆன்டி. ஆனா தரை தாங்காதுன்னு தெரிஞ்சா, நானே கலைக்கச் சொல்லுவேன். ஓகேவா?"

தங்கம் ஒதுங்கி வழி விட்டார்.

மரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான் சுலபமான வழி. அன்று தாரணி சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கீழே போய்க் கடையின் விளக்கு ஒன்றைக் கழற்றச் சொன்னாள். அந்தத் துளை வழியே, வயர் நுனியில் பொருத்திய சின்னக் கேமராவை உட்கூரைக்கு மேலே நுழைத்தாள். கைப்பேசித் திரையில் இருட்டு, ஒட்டடை, பிறகு வரிசையாகக் கனமான மர உத்தரங்கள். கொலுவுக்கு நேர் கீழே இருந்தவை இரும்பு மாதிரி இருந்தன. கடைசி உத்தரம் மட்டும் சுவருக்குள் போகும் இடத்தில் கறுத்துப் பஞ்சாகியிருந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது? மறுபடி மாடிக்குப் போய்க் காலுறையோடு தரையில் குப்புறப் படுத்து, ஈரமானியை ஒவ்வொரு பலகையிலும் வைத்துக்கொண்டே நகர்ந்தாள். கடைசிப் படியின் செட்டியார் பொம்மை அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மூலையைக் கடக்கும்வரை அவள் மூச்சே விடவில்லை. கருவி கடைசியில் சமையல் மூலையின் தொட்டியடியில் கூவியது. குழாய் வெகுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ! அங்கதான் சுண்டலுக்குக் கடலை கழுவுவோம்," என்றார் தங்கம்.

தாரணி தன் அலுவலகத்தோடு பேசி, உளுத்த உத்தரத்தைத் தாங்க அன்று மதியமே இரும்பு முட்டு ஒன்றை வரவழைத்தாள். உட்கூரையில் சிறு சதுரத்தை வெட்டி, துணிக்கட்டுகளுக்கு நடுவில் அதை நிறுத்தினார்கள். திருகு ஏறும்போது மாடியில் அதிர்வு தெரியக் கூடாது. கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிக் கொலுவின் முன்னால் வைத்து, தங்கத்தைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

"ஆன்டி, தண்ணி ஆடுதா?"

"ஆடல!"

கால் சுற்று. நிறுத்தம். இன்னொரு கால் சுற்று.

"ஆடுது! ஆடுது! நிறுத்துமா!"

தாரணி ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடினாள். தங்கம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாரி மா. நான்தான் தும்மினேன்."

முட்டு இறுகி நின்றது. கொலு கலைய வேண்டாம், ஆனால் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் மாடியில் இருக்கக் கூடாது என்றாள் தாரணி. அன்று மாலை பார்த்தால், பட்டுப் புடவை கட்டிய பெண்கள் கடை வாசலில் வரிசையாக நின்றார்கள். யாக்கூப் அவர்களுக்கு முக்காலி போட்டார், மின்விசிறியைத் திருப்பி வைத்தார். காத்திருந்த நேரத்தில் அவர்கள் கடையின் பாதி அலமாரிகளைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள்.

"என்ஜினியர், அடுத்த வருஷமும் பத்துப் பேர்னே சொல்லிடுங்க லா!" என்றார் அவர், அளவுகோலும் கையுமாக.

மாடியில் தங்கம் தாரணியைப் பிடித்துக்கொண்டார். கொலு பார்த்தவர் பாடாமல் போகக் கூடாதாம்.

"எனக்குப் பாட வராது ஆன்டி, சீரியஸா."

"பத்துப் பேர்தானே கேட்கப் போறாங்க?"

தொடக்கப்பள்ளியில் படித்த குரங்குப் பாட்டு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. பாதுகாப்புத் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பாடினாள். இரண்டாவது வரியிலேயே சுருதி எங்கோ போய்விட்டது. மூன்றாவது வரிக்கு எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். வெற்றிலை பாக்கோடு சுண்டலும் கிடைத்தது.

விஜயதசமி முடிந்து பொம்மைகள் பெட்டிக்குள் போன பிறகு தரையைத் திறந்தார்கள். முழங்கை நீளம் உளுத்திருக்கும் என்று தாரணி எழுதியிருந்தாள். தச்சர் அறுக்க அறுக்க, அது அதைப் போல இரண்டு மடங்கு போனது. முட்டு தாங்கியிருந்தது உண்மைதான். இருந்தாலும் கணக்குத் தப்பியது அவளை உறுத்தியது, முகம் வாடிப்போனது.

"வார்டுல டாக்டர் வெளியில இருந்து பார்த்துச் சொல்றது ஒண்ணு, திறந்தா இருக்கிறது ஒண்ணு," என்றார் தங்கம். "நோயாளி நல்லா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"நல்லா இருக்கு," என்று தாரணி சிரித்தாள். அறிக்கையில் தன் அளவையும் உண்மை அளவையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வைத்தாள்.

கெட்ட பகுதியை நீக்கி அங்கே புது மரம் இணைத்தார்கள். குழாயையும் மாற்றினார்கள். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை மன்றத்தில் கோலாட்டம் வைத்தார்கள். கடையில் தாரணி அம்மாவுக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது மாடியில் முப்பது ஜோடிக் கால்கள் தாளம் போட்டன. யாக்கூப் அண்ணாந்து பார்த்தார், அவளும் பார்த்தாள். விளக்குகூட ஆடவில்லை.

"அந்த மாம்பழக் கலரை எடுங்க அங்கிள்," என்றாள் தாரணி.