ஐந்து பெயர்ப் படிவத்தோடு மங்கலம் வரை

மே மாதக் கடைசி ஞாயிறன்று திண்டுக்கல்லிலிருந்து திருப்பூர்ப் பக்கம் போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அல்ல. மூன்று மாதத்துக்கு முன்பு நான் சொன்ன ஒரு வார்த்தை ஒரு பெண்ணைத் தனியாக்கிவிட்டதோ என்ற உறுத்தல். இரண்டு நாளாக வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

என் அண்ணன் மகள் யாழினி கோவையில் ஆராய்ச்சி செய்கிறாள். மனிதர்களுக்குள் பழக்கம் எப்படி உண்டாகிறது, நாளாக ஆக எப்படி மாறுகிறது என்பதைக் கணக்காக எழுத முடியுமா என்பது அவள் கேள்வி. ஒரு வகுப்பறை உதாரணம் சொல்கிறேன். எட்டாம் வகுப்பில் யார் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஜூனில் ஒரு படம் போடுங்கள். பிள்ளைக்கு ஒரு புள்ளி, நட்புக்கு ஓர் அம்புக்குறி. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி போடுங்கள். இருவரும் ஒருவரையொருவர் சொல்லியிருந்தால் அந்தக் கோடு பெரும்பாலும் நிற்கும். ஒருவர் மட்டும் சொன்ன கோடு சீக்கிரம் அறும். இருவருக்கும் பொதுவாக ஒரு நண்பன் இருந்தால் அவர்களுக்கிடையே புதுக் கோடு முளைக்கும். இந்த விதிகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அடுத்த படத்தை முன்கூட்டியே வரைய வைப்பதுதான் அவள் வேலை.

பிப்ரவரியில் மங்கலத்தில் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் அவளுக்காகப் படிவம் நிரப்பியது நான். "திடீரென்று ஒரு கஷ்டம் என்றால் யாரிடம் போவீர்கள்?" என்பது கேள்வி. டெய்லர் சகாயராணி ராமநாதபுரத்துக்காரர், கணவரை இழந்தவர். அவர் முதலில் சொன்ன பெயர், தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருக்கும் பூங்கொடி. பூங்கொடியின் தாளில் சகாயராணி இல்லை. மறுநாள் சகாயராணி சிரித்துக்கொண்டே, "சார், பூங்கொடி என் பேரைச் சொன்னாளா?" என்று கேட்டார். வாங்கிய மார்க்கை மறைக்காமல் சொல்லியே பழகிய வாத்தியார் வாய். "இல்லையேம்மா" என்றுவிட்டேன்.

மே மாதம் யாழினி இரண்டாம் சுற்றைத் தொலைபேசியில் எடுத்தாள். சகாயராணி ஒரு பெயரும் சொல்லவில்லை. அவிநாசிபாளையம் பக்கம் வேறு கம்பெனிக்கு மாறி, விடுதியில் இருக்கிறாராம். "நம்ம கணக்கு சொன்ன மாதிரியே ஒத்தைக் கோடு அறுந்துடுச்சு சித்தப்பா!" என்று யாழினி குதித்தாள். நான் பேருந்து நேரம் விசாரித்தேன்.

காலை 6.10க்குப் பேருந்து. ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழிதானா என்று கேட்டு ஏறுங்கள். அவிநாசிபாளையம் சுமார் 100 கிலோமீட்டர், எனக்கு 80 ரூபாய் ஆனது. தாராபுரத்தில் பத்து நிமிடம் நின்றபோது நான் கண்டக்டர் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன். "ஏனுங்க, உட்டா பஸ்ஸுக்கு முன்னாடி நீங்க ஓடிருவீங்களாட்ட இருக்குதுங்க" என்றார். 9.15க்கு இறங்கினேன். விடுதியில் ஞாயிறன்று பார்வையாளர் நேரம் பத்திலிருந்து ஒன்று வரை. முக்கால் மணி நேரம் சாலையில் மேலும் கீழும் நடந்தேன்.

சகாயராணி வராந்தாவில் நின்றே பேசினார். ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள் ஊரில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "பிள்ளையக் கூட்டிட்டுப் போகச் சொல்லி மதினி சொல்லிருச்சு சார். பத்து நாள்ல பள்ளிக்கூடம் தொறக்குது. இங்க பிள்ளைய வச்சுக்க விடமாட்டாக."

பூங்கொடி வீட்டை ஒட்டி, அதே வரிசையில் ஒரு லைன் வீடு காலியாக இருப்பது சகாயராணிக்குத் தெரியும். தெரிந்தவர் ஒருவர் வந்து சொன்னால்தான் உரிமையாளர் கொடுப்பார்.

"பூங்கொடியக் கேக்கலாமேம்மா?"

"அவ மனசுல நான் இல்லைன்னு நீங்கதான சொன்னீக?"

"வீட்டுக்காரர்கிட்ட நானே வந்து சொல்றேன்."

"உங்களுக்கு யாரு சார் சொல்லுவாக?"

பூங்கொடியையே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். திருப்பூர் பஸ்ஸைப் பிடித்தேன். 18 கிலோமீட்டர், 40 நிமிடம். அங்கிருந்து மங்கலம் ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஞாயிறு என்பதால் டவுன் பஸ்ஸுக்கு 35 நிமிடம் நின்றேன்.

பூங்கொடி துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் கையை உதறி எழுந்தார்.

"அஞ்சு கோடுதானுங்களே போட்டிருந்தீங்க? எங்கம்மா, மாமியா, புருசன், அண்ணம்பொண்டாட்டி நங்கையா, பக்கத்து ஊட்டக்கா. ஆச்சுங்களா? ஆறாவதா அவளச் சொல்ல வாயெடுத்தேன். போதும்மான்னு தாளத் திருப்பீட்டீங்க."

ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று படிவத்தில் பெயர் எழுத ஐந்து கோடு போட்டவன் நான்தான். அவர் சகாயராணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அடியேய், ஆறாவதுடி நீ!"

"அஞ்சுக்குள்ள வரலையில்ல?"

"மாமியாளும் அதே செக்கிங்தான? அன்னைக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தா. அவள உட்டுப்போட்டு உன்னையச் சொன்னா எனக்கு ஊட்டுல சோறு கெடைக்குமா?"

சகாயராணி போனை வைத்துவிட்டார். பூங்கொடி போனை இடுப்பில் செருகினார். பிறகு ஈரச் சேலையோடு அடுத்த தெருவுக்கு, வீட்டு உரிமையாளரிடம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

உரிமையாளரான பெரியவர் தயங்கினார். "ஆம்பள இல்லாத ஊடு. நாளைக்கு ஒரு பேச்சு வந்துச்சுன்னா?"

"வந்தா என்ற ஊட்டுக் கதவத் தட்டுங்க. பழைய கம்பெனியிலயே நான் சேத்தி உட்டர்றனுங்க."

"புதங்கெழம சொல்றேன் கண்ணு."

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் யாழினியைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். நடந்ததைத் தேதியோடு கேட்டு எழுதிக்கொண்டாள் அவள். "அப்ப அது தானா அறுந்த கோடு இல்ல சித்தப்பா. நீங்க அறுத்தது. அப்படித்தான் எழுதணும்." எழுது என்றேன். அவள் கணக்கு பலித்தது உண்மைதான். ஆனால் நான் வாய் திறக்காமல் இருந்தாலும் பலித்திருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியாது. அதுதான் இன்னும் குடைகிறது.

போகிறவர்களுக்கு: ஞாயிறன்று போனால் ஆட்களைப் பார்க்கலாம், ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். என்னைப் போலக் கேள்வித்தாளோடு போகிறவராக இருந்தால், பெயர்களுக்கு எண்ணிக்கை வைக்காதீர்கள். வீட்டு ஆட்கள் பக்கத்தில் இருக்கும்போது கேட்காதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை பூங்கொடி கூப்பிட்டார். "சாவி குடுத்துட்டாங்க சார். சகாயராணி புள்ளையோட வந்து எறங்கீட்டா. எங்கிட்டத்தான் இன்னும் மூஞ்சி குடுக்க மாட்டேங்கறா. பரவால்லீங்க, நடுவுல ஒரு செவுருதானுங்களே."