தலை தேய்ந்த ஸ்க்ரூ

தசரா விடுமுறைக்கு அத்தை மகள் மார்டள்ளியிலிருந்து வந்தபோது, நாலு நாளில் போய்விடுவாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் திறந்தும் அவள் போகவில்லை. அத்தையைக் காய்ச்சலென்று மைசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என் பாயில் பாதியும் அம்மாவின் மடி முழுவதும் அவளுக்குப் போயிற்று. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். தெருமுனையில் இருந்த அப்பாவின் ஒர்க்‌ஷாப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நான் சுத்தியலைத் தொட்டால், "கை நசுங்கிடும், தள்ளி நில்லு" என்பார் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்கூட்டரின் எஞ்சின் மூடியில் ஸ்க்ரூ ஒன்று துருவேறி இறுகிக் கிடந்தது. யாரோ தப்பான திருப்புளியைப் போட்டு அதன் தலையைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். அப்பா எண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு அதன் ஓரத்தில் சின்ன உளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"வா கண்ணு, நீ தட்டு. மெல்லமா. உள்ளயே ஒடிஞ்சா பெரிய ரோதனை."

"எனக்குத் தெரியாதுங்க மாமா."

"தெரியறதுக்கு என்ன இருக்குது? தட்டு."

எனக்கு வயிறு எரிந்தது. ஒடிந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒடியவில்லை. தட்டத் தட்ட ஸ்க்ரூ மயிரிழை அசைந்தது. பிறகு சுழன்று வெளியே வந்தது.

"வந்திருச்சுங்க மாமா!" என்று அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்பாவின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசினார். திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு அடுத்த ஸ்க்ரூவின் மேல் உளியை வைத்தார்.

"இதையும் நீயே எடு, கண்ணு."

அது இறுகியே இருக்கவில்லை. "அப்பா, அது திருப்புளிக்கே வரும்ப்பா!" என்றேன்.

"சும்னிரு!" என்று அதட்டினார். கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்.

அதுவும் வந்தது. அடுத்ததையும் அவளுக்கே கொடுத்தார். அவள் சிரித்துச் சிரித்துத் தட்டினாள். அப்பாவுக்கு அவளைத்தான் பிடிக்கும் என்று தெரிந்துபோயிற்று. பழைய டயர்மேல் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்போது அம்மா தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். அத்தை போய்விட்ட செய்தி எனக்குத் தெரிந்துவிட்டதென்று நினைத்து, முதலில் என்னைத்தான் இழுத்துக் கட்டிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.