இடப்பக்கம் வளைகிற பந்து

என் பந்து எப்போதும் வலப்பக்கம்தான் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து அடிப்பேன். பாதி வழி ஒழுங்காகப் போகும், பிறகு வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் விழும். எங்கள் பழைய மாணவர் சங்கத்து ஆட்கள் இதைப் பார்த்து ஆறு வருடம் சிரித்தார்கள். எல்லை தாண்டிப் போக உன் பந்துக்கு அமெரிக்க விசா இருக்கிறதா என்று தலைவர் ஒவ்வொரு ஆவணியிலும் கேட்பார். புதிதாகக் கேட்பதுபோலத்தான் கேட்பார்.

மொன்றியலில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு கோல்ஃப் போட்டி, போட்டிக்கு ஒரு கோப்பை. முன்பு கிரிக்கெட் விளையாடினோம். முழங்கால்கள் போன பிறகு கண்டறியாத கோல்ஃபுக்கு மாறினோம். பள்ளிக்கூடத்தில் நான் கிரிக்கெட் அணித் தலைவன். இங்கே மருந்துப் பெட்டி அடைக்கிற தொழிற்சாலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வை. ஆனால் சங்கத்தில் இன்றைக்கும் நான் ‘கப்ரின்’. ஐம்பத்தாறு வயதில் எனக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல்லோடு காட்டுக்குள் பந்து தேடுவது எவ்வளவு கேவலம் என்று தேடியவனுக்குத்தான் தெரியும்.

அப்படித் தேடிக்கொண்டு நின்றபோதுதான் அவனைச் சந்தித்தேன். அஹுன்ட்சிக்கில் என் வீட்டிலிருந்து பாலத்தைக் கடந்தால் பத்து நிமிடத்தில் வருகிற மைதானம். புல் வெட்டுகிற இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, “அண்ணே, ஒங்கட பந்து இஞ்ச கிடக்கு” என்றான். மட்டக்களப்புப் பேச்சு. முப்பத்தைந்து வயதிருக்கும். வில்லரேயில் தெப்பனர் என்கிற ஒரு மூலைக்கடைக்கு மேல்மாடியில் மனைவியோடும் ஆறு வயது மகளோடும் இருக்கிறான் என்று பிறகு அறிந்தேன்.

எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் இரண்டே கேள்விதான். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம். மட்டக்களப்பு என்றதும், “ஓ, நல்ல இடம், நல்ல தயிர்” என்பார்கள். அதோடு கதை முடிந்துவிடும். எட்டு வருடமாகத் தன்னோடு எல்லோரும் தயிர் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். நானும் அன்றைக்குத் தயிரைப் பற்றித்தான் பேசியிருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் அந்த மைதானத்தில் வேலையாட்கள் விளையாடலாம், கூட ஓர் ஆளைக் கூட்டிவரலாம். அவன் என்னைக் கூட்டிப்போனான். அவன் அடிப்பதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, புல் வெட்டும்போது பார்த்துப் பழகியதாம். ஒரு மேப்பிள் மரத்துக்குப் பின்னால் பந்தை வைத்து, ஒருமுறை மரத்தை இடப்பக்கமாகச் சுற்றியும் மறுமுறை வலப்பக்கமாகச் சுற்றியும் அனுப்பினான். எனக்குத் தற்செயலாக வருகிற வளைவை அவன் வேண்டுமென்றே வரவைத்தான்.

புல்லில் இரண்டு நீலக் கயிறுகளைப் போட்டான். “காலும் தோளும் குழியில நிக்கிற கொடிக் கம்பத்துக்கு வலப்பக்கம் பாக்கட்டும். மட்டைட முகம் அந்த ரெண்டுக்கும் நடுவில பாக்கட்டும். பொறகு வழமையா அடிக்கிற மாதிரி அடிங்க. முகம் பாத்த பக்கம் வெளிக்கிடும், தானாக் கிறுகி வரும்” என்றான். கிறுகுவது என்றால் அவர்கள் பேச்சில் திரும்புவது. வலப்பக்கம் வளையவேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபக்கம் மாற்றி வைக்கவேண்டும். அவ்வளவுதான் வித்தை. கை எதுவும் செய்யக்கூடாது.

அந்தக் கை எதுவும் செய்யக்கூடாது என்பதுதான் எனக்குத் தலைகீழாக நின்றாலும் வரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து பந்தைச் சுழற்றி வீசியவன் நான். பந்து எங்கே வளையவேண்டும் என்று நினைக்கிறேனோ அங்கே மணிக்கட்டு முந்திக்கொண்டு திரும்பும். இடப்பக்கம் வேண்டுமென்றால், கால்பக்கம் வந்த பந்தை மடக்கி அடிக்கிற மாதிரி மட்டையை மடக்கிவிடுவேன். பந்து முழங்கால் உயரத்தில் புல்லைச் சீவிக்கொண்டு பறக்கும். “கிரிக்கெட் கை வந்திட்டு அண்ணே” என்பான் அவன். எரிச்சலில் மட்டையைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அவனே போய் எடுத்துவந்து, துடைத்துத் தந்திருக்கிறான். நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் அது கைக்கு வந்தது. பந்து காட்டின் பக்கமாகக் கிளம்பியது, சரி போச்சு என்று நினைத்தேன், மேலே போய் இடப்பக்கம் சாய்ந்து கம்பத்தடியில் இறங்கியது. நான் துள்ளினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் துள்ளினேன். அடுத்த பந்தை வலப்பக்கம் வளைத்தேன், அதுவும் சொன்னபடி போனது. அவன் என்னைவிடச் சந்தோஷப்பட்டான். சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோடை முழுவதும் என்னோடு அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் இருந்ததில்லை. சங்கத்தில் கேட்டவர்களுக்கு, ஒரு கியூபெக் வெள்ளைக்காரப் பயிற்சியாளரிடம் பழகுகிறேன் என்று சொன்னேன். புல் வெட்டுகிற பெடியனிடம் பழகுகிறேன் என்று கப்ரின் எப்படிச் சொல்வது?

போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தலைவர், செயலாளர், நான் என்று சேர்ந்து ஆடுகிற எங்கள் நால்வரில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நாலாவது ஆள் வேண்டும், ஆனால் பழைய மாணவர் தவிர வேறு யாரும் விளையாட முடியாது. யோசனை என்னுடையதுதான். மட்டக்களப்பிலிருந்து வந்து விடுதியில் தங்கி எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். நீயும் இரண்டு வருடம் விடுதியில் இருந்ததாகச் சொல், யார் தோண்டப்போகிறார்கள் என்றேன். அவன் மட்டையைத் துடைத்து வைத்தான். பிறகு, “நம்மளச் சேப்பாங்களா அண்ணே?” என்று கேட்டான். மனைவியையும் மகளையும் கூட்டி வரலாமா என்று கேட்டான். தாராளமாக என்றேன்.

எங்கள் வீட்டுக் குசினி மேசையில் வைத்து அவனுக்குப் பொய் சொல்லிக்கொடுத்தேன். மாஸ்டர்மாரின் பட்டப்பெயர்கள், விடுதி மணி அடிக்கிற நேரம், எந்த மதிலால் ஏறிப் படம் பார்க்கப் போவோம் என்பதெல்லாம். என் மனைவி தேநீர் ஊற்றிக்கொண்டே, இது தேவையில்லாத வேலை என்றாள். அவன் சின்னக் கொப்பியில் எழுதி, வீட்டில் பாடமாக்கி, இரவில் தொலைபேசியில் எனக்கு ஒப்புவித்தான். பள்ளிக்கூடக் கீதத்தை மட்டும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து பாடும்போது வாயசைத்தால் போதும். தனியாக முதல் வரியை எடுத்துக்கொடுக்க வேண்டியவர் கோப்பை வெல்கிறவர்தான். அவன் வெல்வான் என்று நான் நினைக்கவேயில்லை.

போட்டி அவன் வேலை செய்யாத வேறொரு மைதானத்தில். அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. அவன் புதுக் காற்சட்டை போட்டு வந்தான். தலைவர் இரண்டு கேள்வி கேட்டார், பட்டப்பெயரோடு பதில் வந்தது, முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவன் முகம் மாறிவிட்டது. எட்டு வருடத்தில் முதல் முறையாக யாரோ அவனைத் ‘தம்பி, எங்கட பெடியன்’ என்று சொன்னார்கள். ஒவ்வொரு பந்தையும் சிரித்துக்கொண்டு அடித்தான். குறைந்த அடியில் முடிக்கிறவருக்குத்தான் கோப்பை, பதினேழு குழி முடிந்தபோது அவனும் நானும் சமன். மற்றவர்கள் யாரும் கிட்டவும் இல்லை.

கடைசிக் குழி இடப்பக்கம் மடங்கிப் போகும். மூலையில் மரங்கள். இடப்பக்கம் வளைகிற பந்து தெரிந்தவனுக்கு வரம், தெரியாதவனுக்குச் சனியன். நான் முதலில் நின்றேன். தலைவரும் செயலாளரும் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். கால் சரி, தோள் சரி, முகம் சரி. இறக்கும்போது மணிக்கட்டு மடங்கியது. பந்து தரையோடு பறந்து மரத்தில் அடிபட்டு எங்களை நோக்கியே திரும்பி வந்தது.

செயலாளர் வாய் திறக்காமல் கொடுப்புக்குள் சிரித்தார். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவன் ஓடிவந்து, திங்கட்கிழமைகளில் செய்வதுபோலவே என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். “இதத்தானே அண்ணே திங்கக்கிழமையெல்லாம் சொல்லித் தந்தன். கையக் கிறுக்காதீங்க.”

தலைவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “அப்ப வெள்ளைக்காரக் கோச் இவர்தானோ?” என்றார். இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவனும் விளங்காமல் கூடச் சிரித்தான். பிறகு நின்று, பந்தை மரங்களுக்கு வலப்பக்கம் அனுப்பி, மூலையைச் சுற்றி வளைத்து, கொடிக்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தான். அவன் நாலு அடியில் முடித்தான், நான் ஏழு. எனக்கு வயிறு எரிந்தது. அவன் ஆட்டத்தில் ஒரு நொட்டை சொல்லவும் இடமில்லை என்பதுதான் பெரிய எரிச்சல்.

மதியம் மைதானத்து மண்டபத்தில் சாப்பாடு. புரியாணி தட்டங்களில் வந்தது. குடும்பங்கள் எல்லாம் இருந்தன. அவன் மகள் மஞ்சள் சட்டையோடு மேசைகளுக்கிடையில் ஓடித் திரிந்தாள். கோப்பையை அவன் கையில் கொடுத்தபோது அவள்தான் பெரிதாகக் கைதட்டினாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். கீதம் பாட வேண்டும். தலைவர் என்னைப் பார்த்து, தம்பி புது ஆள், கூச்சப்படுவார், இந்த வருடம் கப்ரினே எடுத்துக்கொடுக்கட்டும் என்று மைக்கை நீட்டினார்.

நான் வாயைத் திறந்திருந்தால் போதும். ஒரே ஒரு வரி. மிச்சத்தை அறுபது பேர் பாடியிருப்பார்கள், அவன் வாயசைத்திருப்பான், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். இதை எழுதும்போது அது என்ன வேகத்தில் நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். வேகமாக நடக்கவில்லை. நான் நிதானமாக யோசித்துத்தான் செய்தேன்.

“வெண்ட ஆள்தான் எடுத்துக்குடுக்க வேணும். விடுதிப் பெடியனுக்குப் பாட்டு மறக்குமே?” என்று சொல்லி மைக்கை அவன் கையில் வைத்தேன்.

அவன் என்னைப் பார்த்தான். நான் தவறிப்போய்ச் செய்துவிட்டேன் என்று நினைத்து, கண்ணால் உதவி கேட்டான். நான் கைகட்டி நேராக நின்றேன். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது, விளங்குவது எனக்குத் தெரிந்தது. மண்டபத்தில் சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. “ஷாந்த், பாப்பா!” என்று மகள் முன்னால் நின்று கத்தினாள். பாடுங்கோ அப்பா என்று பிரெஞ்சில். யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பவும் கத்தினாள். தாய் வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

அவன் மைக்கைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். “நான் ஒங்கட பள்ளிக்கூடம் இல்ல. பொய் சொல்லித்தான் வந்தன். மன்னிக்கணும். இது கப்ரின் அண்ணனுக்குத் தெரியா.”

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய் மகளைத் தூக்கிக்கொண்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. எங்கள் ஆட்கள் படித்தவர்கள். “பரவாயில்லை, பிள்ளை சாப்பிட்டிட்டுப் போகட்டும்” என்று செயலாளர் அவன் தலைக்கு மேலால் யாருக்கோ சொன்னார். இவர்களை எங்கே கொண்டுவந்தாலும் இப்படித்தான் என்று ஒரு பெண் குரல் சொன்னது. அவன் மனைவி தட்டங்களை அப்படியே வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தாள். எங்களைத் தாண்டிப் போகும்போது நின்றாள். “போன்ல ராவு ராவா எல்லாம் சொல்லிக் குடுத்தது நீங்கதானே அண்ணே?”

பக்கத்தில் என் மனைவி நின்றாள், தலைவர் நின்றார். “நீங்கள் என்னை ஆரெண்டு நினைச்சுக் கதைக்கிறியள் தங்கச்சி?” என்று கேட்டேன்.

அவன் வந்து மனைவியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவனுக்கு அடுத்தபடியாகக் குறைந்த அடி என்னுடையது என்பதால், ஒரு நிமிடத்துக்குள் என் பெயரை வாசித்தார்கள். நான் போய்க் கோப்பையை வாங்கினேன். மனச்சாட்சி குத்தியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். குத்தவில்லை. ஆறு வருடம் சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. கீதத்தின் முதல் வரியை நல்ல குரலில் எடுத்துக்கொடுத்தேன்.

பாலத்தில் வாகன நெரிசல். கோப்பையை வைத்துக்கொள் என்று நீட்டினேன், மனைவி வாங்கவில்லை. இடது கையால் ஓட்டிக்கொண்டு மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கன தூரம் போன பிறகுதான் அவள் பேசினாள்.

“அவன் உங்களைக் காட்டிக்குடுக்கேல்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னாலயாவது நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

சொல்லியிருந்தால் கோப்பை கிடைத்திருக்காதே என்றேன்.